நான் மாற்றிப்போட்ட ஈரக் கடதாசி

போன மாதம், நான் வேலை பார்த்த தாவரவியல் துறையிலிருந்து ஒரு விரிவுரையாளர் போன் எடுத்தார். பொலிசும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேலை செய்வதற்கு இப்போது முறையான ஒப்பந்தம் ஒன்று எழுதப் போகிறார்களாம். அதற்கு ஒரு சின்ன வைபவம். பழைய ஆள் என்ற வகையில் நானும் வந்து மேடையில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

"பத்து நிமிஷமா? மிஸ், நான் என் கல்யாணத்தன்னைக்கே மொத்தமா அவ்வளவு பேசல" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ எழுதித் தாங்க மணியண்ணே. விழா மலர்ல போடுறோம்" என்றார்.

எழுதுவது பரவாயில்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் என் வேலையே பழைய பத்திரிகைகளோடுதான். செடி உலர்த்துவதற்காக வரும் தாள்களை வாசித்து வாசித்தே எனக்குத் தமிழ் எழுத வந்தது. தேதி மட்டும் பழையதாக இருக்கும். மற்றபடி நாட்டு நடப்பு எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு வருடம் பிந்தி.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பல்கலைக்கழக வளவில் புல் வெட்ட வந்தவன் நான். மூன்று வருடம் வெயிலில் நின்றேன். பிறகு உலர்ந்த செடிகளை வைக்கும் அறையில் ஓர் ஆள் குறைந்தது. புல் வெட்டுகிறவர்களில் அதிகம் பேசாதவன் யார் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார்களாம். அப்படி உள்ளே போனவன்தான், ஐம்பத்தைந்து வயதில் ஓய்வெடுக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அந்த அறையின் பெயர் ஹெர்பேரியம். அலுமாரி அலுமாரியாக, காகித அட்டையில் தைத்து ஒட்டிய செடிகள். மலையிலிருந்து ஒரு செடி வந்தால், பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் செடியைக் கிடத்துவோம். எல்லா இலையும் முகம் காட்டிக் கிடக்க, ஓர் இலையை மட்டும் முதுகு தெரியத் திருப்பிவிட வேண்டும். தாளை மடித்து, மேலே அட்டை வைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே அடுக்கிப் பட்டியால் இறுக்கிக் கட்டுவோம். அதோடு முடிந்துவிடாது. முதல் மூன்று நாளும் தினம் ஒரு தடவை பிரித்து, ஈரத் தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும். மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், இலை கறுத்து உதிரும். எடுத்த ஈரத் தாளை எறிய மாட்டோம். பின்பக்கத்துக் கொடியில் காயப்போட்டு, அடுத்த செடிக்குப் பாவிப்போம். சனிக்கிழமையானாலும் பெருநாளானாலும் யாராவது ஒருவர் வந்து தாள் மாற்றிவிட்டுப் போக வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான்.

அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு பேராசிரியை. யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் மேடம் என்போம். உயரமானவர், மெலிந்தவர், எந்நேரமும் காதில் ஒரு பென்சில். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. எழுந்து வந்து, பக்கத்தில் நின்று, "மணியம், ஒருக்கா வாறீங்களோ" என்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். குரல் கேட்கவே இல்லை என்றால் மிகவும் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். மாணவர்கள் ஒரு செடியைக் கொண்டுவந்து பெயர் கேட்டால் உடனே சொல்ல மாட்டார். வெறுங்கண்ணால் ஒரு தடவை, பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையால் ஒரு தடவை, அலுமாரியில் இருக்கும் பழைய செடியோடு ஒப்பிட்டு ஒரு தடவை. மூன்றும் முடியும்வரை "பாப்பம்" என்ற ஒரே சொல்தான்.

ஒரு நாள் மாணவன் ஒருவன், "மேடம், இது கொய்யா, எல்லாருக்கும் தெரியுமே" என்றான்.

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறீர்?" என்று அந்தக் கொய்யாவையும் மூன்று தடவை பார்த்தார். கொய்யாதான்.

எங்கள் அறைக்குப் பொலிஸ் முதன்முதலில் வந்தது ஒரு பூச்சாடியோடு. கண்டியில் ஒரு வாடகை அறையில் கஞ்சாச் செடி வளர்க்கிறார்கள் என்று தகவல் வந்து, சாடியோடு தூக்கிவந்திருந்தார்கள். இரண்டு கொன்ஸ்டபிள்மார் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள், செடி ஓடிவிடும் போல. பின்னால் வந்தவர்தான் சார்ஜன்ட் நிஸ்தார். அக்குறணைப் பக்கத்து ஆள், 'இருக்கிறது' அவர் வாயில் 'ஈக்கிது' ஆகும், 'சொல்ல' 'செல்ல' ஆகும். குண்டான உடம்பு, வாய் ஓயாத மனிதர். எனக்கு நேரெதிர்.

மேடம் மூன்று தடவை பார்த்தார். கால் மணித்தியாலம் ஆனது. பிறகு, "இது நாய்வேளை. வேலி ஓரத்திலை முளைக்கிறது" என்றார்.

"நல்லாப் பாருங்கொ மேடம், இலை அஞ்சு விரல் மாதிரி ஈக்கிது" என்றார் சார்ஜன்ட்.

"உங்கடை கையும் அஞ்சு விரலாத்தான் இருக்குது. அதுக்காக உங்களைக் கஞ்சா எண்டு எழுதலாமோ?"

சார்ஜன்ட் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கும் மேடத்துக்கும் நல்ல ஒற்றுமை. பொலிசில் எங்கே இலை, வேர், விதை அகப்பட்டாலும் எங்களிடம் வந்தது. மாடு திருடியவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஒட்டியிருந்த புல் விதை வந்தது. யாரோ ஒரு வைத்தியர் விற்ற சூரணம் வந்தது. அதில் பாதி மரத்தூள் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். சார்ஜன்ட் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் மிக்சர் கொண்டுவருவார். "மச்சான், ஒரு வார்த்த பேசினா இன்னொரு பொட்டலம் தாறேன்" என்பார். நான் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

அப்போது ஒப்பந்தம் கிடையாது, எழுதிய விதி கிடையாது. பொலிஸ் ஒரு கடிதம் தரும், மேடம் ஓர் அறிக்கை தருவார். பொதியை வாங்கினால் நான் ஒரு கொப்பியில் நேரம் குறித்து ஒப்பமிடுவேன், அவ்வளவுதான். பொலிசின் வழக்கம் பொலிசுக்குத் தெரியும். எங்கள் வழக்கம் எங்களுக்குத் தெரியும். இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று யாரும் நினைக்கவில்லை.

முட்டிக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை. அடைமழை. மேடம் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார், புதன்கிழமைதான் வருவார். சார்ஜன்ட் நனைந்துகொண்டு வந்து, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதியை என் மேசையில் வைத்தார். நூலால் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்திருந்தது.

விஷயம் இதுதான். யோகராஜ் என்று ஓர் ஆட்டோ ஓட்டுநர். மடுல்கெல்லப் பக்கம். ஆட்டோவில் ஒரு சாக்கு நிறையப் பட்டை உரித்த கம்புகளையும், அவற்றோடு இலை உதிராத ஒரு கிளையையும் ஏற்றிக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போகும் வழியில் பொலிஸ் மறித்திருக்கிறது. அந்த நாட்களில் காட்டில் வல்லப்பட்டை மரத்தைக் களவாக வெட்டி, அதன் நடுவே ஊறும் கறுப்புப் பிசினின் வாசனைக்காக வெளிநாட்டுக்குக் கடத்துகிற கூட்டம் ஒன்று அந்தப் பக்கம் திரிந்தது. வல்லப்பட்டை வெட்டுவது பெரிய குற்றம். உரித்த பட்டையையும் ஒரு கம்பின் நடுவே இருந்த கறுப்பையும் கண்டவுடன் ஆளைப் பிடித்துவிட்டார்கள். அவன் சொன்னது, பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மண்வெட்டிப் பிடியும் கோடரிப் பிடியும் செய்யக் கொண்டுபோகிற காட்டுக் கம்பு என்று. யார் நம்புவார்கள்? வழக்கு முடியும்வரை ஆள் விளக்கமறியலில். அடுத்த வியாழக்கிழமை வழக்கு. அதற்குள் இது எந்த மரம் என்று மேடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வல்லப்பட்டை என்றால் அவன் உள்ளே. இல்லை என்றால் வெளியே.

"கவனம் மச்சான்" என்று சொல்லிவிட்டுச் சார்ஜன்ட் போனார். நான் பொதியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சனிக்கிழமை வழக்கம்போல் தாள் மாற்றப் போனேன். மாணவர்கள் நக்கிள்ஸ் மலையிலிருந்து கட்டுக் கட்டாகச் செடி கொண்டுவந்திருந்தார்கள். கொடியில் இடமில்லாத அளவுக்கு ஈரத் தாள். வேலையோடு வேலையாக அலுமாரியைத் திறந்தேன். பொலிஸ் பொதி நனைந்து ஊறி, அடித்தட்டில் தண்ணீர் கசிந்திருந்தது. முகர்ந்து பார்த்தேன், புளித்த வாடை. புதன்கிழமைவரை இப்படியே கிடந்தால் இலை அழுகிவிடும். மேடம் வந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் கை யோசித்தது. நூலை அவிழ்த்தேன். அரக்கு உடைந்து உதிர்ந்தது, பெருக்கித் தள்ளினேன். உள்ளே ஒரு துண்டுக் கம்பு, ஒரு சுருள் பட்டை, இலையோடு ஒரு கிளை. கிளையை நல்ல காய்ந்த தாளில் கிடத்தி, ஓர் இலையை முதுகு தெரியத் திருப்பி, மரச்சட்டத்தில் வைத்துக் கட்டினேன். பொதி சுற்றியிருந்த ஈரத் தாளைக் கொடியில் போட்டேன். ஞாயிறும் திங்களும் வந்து மறுபடி தாள் மாற்றினேன். காய்ந்த தாள்கள் மாணவர்களின் செடிகளுக்குப் போயின.

புதன்கிழமை காலை மேடம் வந்து பொதியைக் கேட்டார். நான் கொஞ்சம் பெருமையோடுதான் சட்டத்தைப் பிரித்துக் காட்டினேன். கிளை அவ்வளவு அழகாகக் காய்ந்திருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மணியம், இது சுத்தி வந்த கடுதாசி எங்கை?"

"ஈரமா இருந்திச்சுங்க மேடம். மாத்திட்டேன்."

"அரக்கு?"

"அது… ஒடஞ்சிருச்சுங்க."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு ஒரு கதிரையை இழுத்து என் எதிரே உட்கார்ந்து விளக்கினார். அந்தத் தாளில்தான் சார்ஜன்ட் சாட்சிகளுக்கு முன்னால் ஒப்பமிட்டிருக்கிறார். ஆட்டோவில் பிடித்த கிளைதான் இந்தக் கிளை என்று சொல்வதற்கு அந்த ஒப்பமும் அரக்கும்தான் ஆதாரம். அவை இல்லாவிட்டால், இது வேறெங்கோ பிடுங்கிய கிளை என்று யாரும் சொல்லலாம்.

கொடியில் தேடினேன், இல்லை. குவியலில் தேடினேன், இல்லை. அந்தத் தாள் ஏதோ ஒரு செடிக்குள் போய்விட்டது.

அறிக்கை வாங்கச் சார்ஜன்ட் மத்தியானம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "மச்சான், மூணு வருஷமா ஒரு வார்த்த பேசாம ஈந்து, கடைசீல இப்படியா பேசுற?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒண்ணும் பிரச்சின இல்ல. ஒரு பழைய பேப்பர் தாங்கொ, நான் இப்பவே அதுல ஒப்பம் வைக்கிறேன். அரக்கும் ஈக்கிது. யாருக்குத் தெரியப் போகுது?"

மேடம் அவரைக் கோபிக்கவில்லை. "ஒப்பத்துக்குக் கீழை எந்தத் திகதி போடுவியள்?" என்று மட்டும் கேட்டார்.

சார்ஜன்ட் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

அன்று மேடம் கிளையைத் தன் வழக்கப்படி மூன்று தடவை பார்த்தார். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வல்லப்பட்டை இலை தண்டில் மாறி மாறி நிற்கும், ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம். இது அப்படியில்லை. சோடி சோடியாக எதிரெதிரே நின்றது. இலையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஜம்பு இனத்து மரங்களுக்கு உள்ள எண்ணெய்ப் புள்ளி அது. இந்த மரத்தைச் சிங்களத்தில் தம்ப என்பார்கள். கம்பின் கறுப்பு வெறும் உக்கல், உளுத்துப்போன இடம். ஆக, யோகராஜ் சொன்னது உண்மை. மண்வெட்டிப் பிடிதான்.

அறிக்கையில் அதை எழுதினார். அதன் கீழே, பொதியின் சுற்றுத் தாளை எங்கள் ஊழியர் உலர்த்தும் வழக்கப்படி மாற்றிவிட்டார் என்பதையும் ஒரு வரி எழுதினார். அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன். ஆனால் எழுத வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வராததும் சில நேரம் நல்லதுதான்.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் அந்த ஒரு வரிதான் பெரிதாகியது. வெள்ளிக்கிழமை சார்ஜன்ட் வந்து சொன்னார். "வழக்க நடத்துற இன்ஸ்பெக்டர் எழும்பிட்டார். தாள மாத்தின ஆள் எந்த ஊருன்னு கேட்டார். மடுல்கெல்லன்னு செல்ல வேண்டியதாப் போச்சு. பிடிபட்டவனும் மடுல்கெல்ல. ஊர்க்காரனக் காப்பாத்தக் கிளைய மாத்தி வெச்சிட்டான்னு செல்றார். நீதவான் பதினாலு நாள் தள்ளி வெச்சிட்டார். நீயும் வந்து விளக்கம் செல்லணுமாம்."

"எனக்கு அந்த ஆள யாருன்னே தெரியாதுங்க சேர்."

"எனக்குத் தெரியும் மச்சான். உனக்கு மடுல்கெல்லயில யாரத்தான் தெரியும்? நீ யாரோடயும் பேசுறல்லயே."

பதினான்கு நாள். மேடத்தின் அறிக்கை சுத்தமாகப் போயிருந்தால் அந்த மனிதன் வியாழக்கிழமையே வீட்டுக்குப் போயிருப்பான். குண்டசாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஒரு பெண் துறைக்கு வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் சேறு. "அந்தக் குச்சியப் பாக்குறவங்க யாருங்க?" என்று வாசலில் கேட்டாள். யோகராஜின் மனைவி என்று உடனே தெரிந்தது. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. நான் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேடம் எழுந்து போய், பேச முடியாது என்று அவளுக்குப் பக்குவமாகச் சொன்னார்.

"நான் ஒன்னும் கேக்க வரலங்க. அது மம்பட்டிப் பிடி. எங்க வீட்டு மம்பட்டிக்கும் அதே கட்டதான். அதச் சொல்லிட்டுப் போறேன்" என்றாள். போகும்போது வாசலில் விழுந்த சேற்றை ஒரு தாளால் துடைத்துவிட்டுப் போனாள்.

நான் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வந்து, "மேடம், எல்லாச் சட்டத்தையும் பிரிச்சிரலாம்" என்றேன். மாணவர்களின் செடியைக் கேட்காமல் பிரிப்பது எங்கள் அறையில் பெரிய பாவம். மேடம் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "ஓம், பிரிப்பம்" என்றார்.

சார்ஜன்டுக்கும் போன் போட்டோம். அன்று பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாகத் தூக்கித் தாளைத் திருப்பினோம். சிங்களப் பத்திரிகை, தமிழ்ப் பத்திரிகை, இங்கிலீஷ் பத்திரிகை எல்லாம் கலந்து கிடந்தன.

"எந்தப் பக்கத்திலை ஒப்பம் வைச்சனீங்கள்?" என்று மேடம் கேட்டார்.

"கிரிக்கெட் பக்கம் மேடம். தோத்த மெச். அந்தக் கோவத்துல பெருசா வெச்சேன்."

"தோத்த மெச் எண்டால் நிறையப் பக்கம் இருக்குமே."

சார்ஜன்டுக்கு வேலை ஓடவில்லை. திருப்புகிற தாளையெல்லாம் வாசித்தார். "மேடம், இந்தப் பொண்ணுக்கு வரன் தேடியிருக்காங்க, கெடச்சிருக்குமா?" என்றார். "மச்சான், சீமெந்து அன்னைக்கு என்ன வெலைன்னு பாரு" என்றார். மேடம் இரண்டு தடவை முறைத்தார், மூன்றாவது தடவை தானும் ஒரு சமையல் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தார்.

அகப்பட்டது, சீப்புப் பல் போல இலை விரிந்த ஒரு பன்னச் செடிக்குக் கீழே. தோற்ற மெச் பக்கம்தான். துடுப்பாட்டக்காரர் ஒருவரின் நெற்றியில் சார்ஜன்டின் ஒப்பமும் திகதியும், பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் ஒப்பமும். மை கொஞ்சம் ஊறியிருந்தாலும் வாசிக்க முடிந்தது.

சார்ஜன்ட் எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தார். மேடம் மட்டும் எழும்பவில்லை.

"இது ஒப்பம் வைச்ச தாள் எண்டது சரி. அந்தக் கிளை இதுக்குள்ளை இருந்தது எண்டதுக்கு என்ன சாட்சி?" என்றார்.

சார்ஜன்டின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

நான் தாளைப் பார்த்தேன். எத்தனையோ ஆயிரம் தாள் மாற்றிய கண். ஈரச் செடி தாளில் சும்மா கிடக்காது. கறை விடும். தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்பு நிறத்தில், தாளின் நடுவே ஒரு கிளையின் தடம் இருந்தது. தாளை மறுபடி பாவிக்கிறவர்கள் நாங்கள், அதனால் அதைக் கறை என்று மட்டும்தான் பார்ப்போம். அன்றைக்குத்தான் அதை ஒரு படமாகப் பார்த்தேன்.

"மேடம், கிளைய எடுத்துட்டு வரட்டுங்களா?" என்றேன்.

கிளையைக் கொண்டுவந்து தடத்தின்மேல் மெல்ல வைத்தேன். சோடி சோடியாக நின்ற இலைகள் சோடி சோடியாகவே பொருந்தின. இரண்டாவது இலையில் புழு அரித்த ஒரு வளைவு இருந்தது, தடத்திலும் அதே வளைவு. நுனி இலை ஒன்று மடிந்திருந்தது, தடத்திலும் மடிப்பு. ஒன்றே ஒன்றுதான் பொருந்தவில்லை. முதுகு தெரிய நான் திருப்பிவிட்ட இலை. அதைப் பழையபடி திருப்பியதும் அதுவும் போய் உட்கார்ந்தது.

மேடம் வெறுங்கண்ணால் பார்த்தார். கைவில்லையால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்றாவது தடவை அதுதான்.

"இதை நீங்கள்தான் நீதவானுக்கு முன்னாலை வைச்சுக் காட்ட வேணும், மணியம்" என்றார்.

அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். குளியலறையில் வாளிக்குச் சாட்சி சொல்லிப் பழகினேன். என் மனைவி கதவைத் தட்டி, "வாளி என்ன தீர்ப்புச் சொல்லிச்சு?" என்று கேட்டாள். மேடத்திடம் என்ன பேசுவது என்று கேட்டேன். "நடந்ததைச் சொல்லுங்கோ. நடக்காததைச் சொல்லாதேங்கோ. முடிஞ்சதும் நிப்பாட்டுங்கோ" என்றார். கடைசி விஷயத்தில் எனக்குச் சிரமமில்லை.

வழக்கன்று சாட்சிக் கூண்டில் ஏறினேன். எனக்குச் சிங்களம் வரும், ஆனால் பயத்தில் தமிழும் போய்விட்டது. மொழிபெயர்க்கிற முதலியார் என் பெயரை மூன்று தடவை கேட்டார். எதிரே கூண்டுக்குள் ஒரு மெலிந்த ஆள் நின்றான். யோகராஜ். அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பின் வாங்கில் அவன் மனைவி.

"பொலிஸ் முத்திரையை உடைக்கச் சொன்னது யார்?" என்று நீதவான் கேட்டார்.

"யாரும் சொல்லலங்க. ஈரமா இருந்திச்சுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. "ஈரமாக இருந்தால் பொலிஸ் பொதியைப் பிரிப்பீரா?"

"ஈரமா இருந்தா எதையும் பிரிப்பேங்க. முத்திர பெரிய விஷயம்னு எனக்குத் தெரியாம போச்சு. தெரிஞ்சிருந்தா யாரையாவது பக்கத்துல வச்சிக்கிட்டுப் பிரிச்சிருப்பேன். என்னாலதான் அவரு கூடுதலாப் பதினாலு நாள் உள்ள இருக்காரு."

இதை நான் பழகி வரவில்லை. வாளியிடம்கூடச் சொல்லவில்லை. தானாக வந்தது. முதலியார் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

பிறகு தாளையும் கிளையையும் மேசையில் வைத்துக் காட்டச் சொன்னார்கள். மேசைக்குப் போனதும் கூண்டை மறந்துவிட்டேன். அது எனக்குத் தெரிந்த வேலை. தாளை விரித்தேன், கிளையைக் கிடத்தினேன், ஒவ்வோர் இலையாக அதனதன் தடத்தில் உட்கார வைத்தேன். நீதவான் ஆசனத்தைவிட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார். புழு அரித்த வளைவில் அவர் விரலை வைத்தார். விரலை எடுத்துவிட்டு, தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார். நேர்மையான மனிதர். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்.

மேடத்தின் அறிக்கையை நீதவான் ஏற்றுக்கொண்டார். யோகராஜை விடுவித்தார்கள்.

வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். மேடமும் சார்ஜன்டும் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் யோகராஜும் மனைவியும் அங்கேயே வந்து நின்றார்கள். ஆட்டோ இன்னும் பொலிஸ் வளவில். கடதாசி வேலை முடிய நாளாகுமாம். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனே வந்தான்.

"நீங்கதானே அண்ணே, காயிதம் மாத்துனது?"

"ஆமாங்க. ரெண்டு கெழம ஒங்கள அநியாயமா…"

"அதான் உள்ள சொன்னீங்களே, கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்." அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அந்த ரெண்டு கெழமையில எங்க கோயில் திருவிழா முடிஞ்சிருச்சு. இந்த வருஷம் நான்தான் காவடி எடுக்கிறதா இருந்தேன்."

காவடி ஏற வேண்டியிருந்த அவன் தோளைப் பார்த்தேன்.

"சரி, ஒன்னு கேக்குறேன்" என்றான். "நீங்க அந்தக் காயிதத்த மாத்தாம விட்டிருந்தா கெள என்னாயிருக்கும்?"

"அழுகியிருக்குங்க. எல எல்லாம் கறுத்து உதிர்ந்திருக்கும்."

"உதிர்ந்திருந்தா?"

"சோடியா நின்னுச்சா, மாறி நின்னுச்சான்னு தெரிஞ்சிருக்காது. புள்ளியும் தெரிஞ்சிருக்காது. வெறுங் கம்ப மட்டும் வச்சிப் பேரு சொல்ல முடியாதுங்க."

"அப்போ அந்த மேடம் என்னா எழுதியிருப்பாங்க?"

"தெரியலன்னு எழுதியிருப்பாங்க. அவங்க பொய் எழுத மாட்டாங்க."

அவன் வீதியைப் பார்த்துக்கொண்டு விரல் மடித்தான். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்போ மாத்துனதால ரெண்டு கெழம உள்ள. மாத்தாட்டி எத்தன வருஷமோ உள்ள." மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "இந்தாளத் திட்டுறதா, கும்புடுறதா?"

"மொதல்ல பஸ்ஸுல ஏறுங்க" என்றாள் அவள்.

மடுல்கெல்ல பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி யன்னல் ஓரத்தில் இடம் பிடித்தாள். அவன் கடைசியாக ஏறி, மிதிபலகையில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"யோசிச்சுட்டு போன்ல சொல்றேன் அண்ணே!" என்று கத்தினான்.

என்னிடம் நம்பரைக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.